காலை அளந்து வாங்கியும் ஷூ கடிக்குது, எங்க தப்பு பண்றேன்?

சும்மாவாசி (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் வந்துட்டிருந்தேன், இன்னைக்குத்தான் முதல் பதிவு. தப்பான பகுதியில போட்டிருந்தா மாடரேட்டர் தூக்கி சரியான இடத்துல வச்சிடுங்க.

மேட்டர் இதான். ஆன்லைன்ல வாக்கிங் ஷூ வாங்கலாம்னு முடிவு பண்ணி, குத்துமதிப்பா வேணாம், இந்த தடவையாவது ஒழுங்கா அளந்துடலாம்னு பேப்பர் விரிச்சு காலை வச்சு கோடு போட்டு ஸ்கேல்ல பாத்தேன், 25.3 செ.மீ வந்துச்சு. ஏதோ ஒரு சைட்ல இருந்த சார்ட்டைப் பாத்து யூகே 7 போட்டேன். வந்துச்சு, விரல் முன்னாடி முட்டுது. மாத்தி 8 வாங்கினேன், நீளம் பரவால்ல, ஆனா அரை மணி நேரம் நடந்தா சுண்டு விரல் பக்கம் எரிய ஆரம்பிக்குது. சரின்னு கோபத்துல 9 வாங்கினேன், இப்ப குதிகால் நிக்க மாட்டேங்குது, படி ஏறும்போது செருப்பு மாதிரி டப்பு டப்புன்னு அடிக்குது. இந்த 9ஐ திருப்பி அனுப்புற தேதியும் தாண்டிப் போச்சு.

அளக்குறதுல தப்பா, சார்ட்ல தப்பா, இல்ல என் காலே தப்பா?

---

குழப்பவாதி

8.5 வாங்குங்க பாஸ். முடிஞ்சது. இதுக்கு ஒரு இழையா.

---

ஓட்டக்காரன்

வாங்க சும்மாவாசி. முதல்ல சில கேள்வி. எந்த நேரத்துல அளந்தீங்க? ரெண்டு காலும் அளந்தீங்களா? உக்காந்தா நின்னா? சாக்ஸ் போட்டிருந்தீங்களா?

இதெல்லாம் சும்மா கேக்கல. நாள் முழுக்க நின்னு நடந்து சாயங்காலம் ஆகும்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில எந்திரிச்ச உடனே அளந்த கால் வேற, சாயங்காலம் ஆறு மணிக்கு இருக்குற கால் வேற. ஓடுறவனுக்கு இது இன்னும் ஜாஸ்தி தெரியும். நான் ஆரம்பத்துல காலையில அளந்து டைட்டா ஒண்ணு வாங்கி, ஒரு மாசம் ஓடினதுல ரெண்டு பெருவிரல் நகமும் கருப்பாயி, ஒண்ணு கழண்டே விழுந்துடுச்சு. படம் போடல, பயப்படாதீங்க.

---

சும்மாவாசி

காலையில குளிச்சிட்டு வந்து, கட்டில்ல உக்காந்துட்டு, இடது கால் மட்டும். வெறுங்கால். ரெண்டு காலும் ஒண்ணாத்தானே இருக்கும்னு ஒண்ணோட விட்டுட்டேன்.

---

ஓட்டக்காரன்

அய்யோ சாமி 😀 செய்யக் கூடாததை எல்லாம் வரிசையா செஞ்சிருக்கீங்க.

ரெண்டு காலும் அச்சு அசலா ஒரே அளவுல இருக்குறவங்க கம்மி. எது பெரிசோ அதுதான் கணக்கு. அப்புறம் நிக்கணும், உக்காந்து அளந்தா உடம்போட வெயிட் பாதத்து மேல இறங்காது. நின்னா உள்ளங்கால் வளைவு கொஞ்சம் தட்டையாகி பாதம் நீளமாவும் அகலமாவும் விரியும். எல்லாருக்கும் ஒரே மாதிரி விரியாது, சில பேருக்குத் தெரியவே தெரியாது, சில பேருக்கு சில மி.மீ வித்தியாசம் வரும்.

---

தச்சுப்பட்டறை

நான் மரவேலைக்காரன், ஷூ பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா அளக்குறது என் பொழப்பு. அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, எந்த ஸ்கேல்ல அளந்தீங்க? ஸ்கூல் பசங்க வச்சிருக்குற பிளாஸ்டிக் ஸ்கேலா இருந்தா அதோட நுனியைப் பாருங்க. 0 கோடு நுனியில இருக்காது, நுனியில இருந்து அஞ்சு மி.மீ மாதிரி தள்ளி உள்ளதான் ஆரம்பிக்கும். ஸ்கேல் நுனியை பேப்பர் ஓரத்தோட சேத்து வச்சு அந்தப் பக்கம் நம்பரைப் படிச்சீங்கன்னா அந்த அஞ்சு மி.மீ கணக்குலயே வராது. பட்டறைக்குப் புதுசா வர்ற பசங்க முதல் வாரம் பண்ற தப்பு இது.

ரெண்டு, பென்சில். காலைச் சுத்தி கோடு போடும்போது பென்சில் சாயும். உள்பக்கமா சாஞ்சா முனை காலுக்கு அடியில போயிடும், அளவு குறையும். வெளிப்பக்கமா சாஞ்சா கூடும். நேரா பிடிச்சாக்கூட பென்சில் தடிமன்ல பாதி அளவு கோடு காலை விட்டுத் தள்ளித்தான் விழும். அதனால பென்சில்ல காலைச் சுத்தி வரையுறதே எனக்குப் புடிக்காது.

நான் செய்யுறது இப்படி. பேப்பரை சுவரோட ஒட்டி தரையில டேப் போட்டு நகராம வச்சுக்கங்க. குதிகால் சுவர்ல லேசா தொடணும், அமுக்கக் கூடாது. சதுரமான அட்டைப்பெட்டி ஒண்ணு, இல்ல தடியான புத்தகம், அதைத் தரையில நிக்க வச்சு விரலுக்கு முன்னாடி மெல்லத் தள்ளிட்டு வாங்க, நீளமான விரல் தொட்டதும் நிறுத்துங்க, பெட்டியோட அடி ஓரத்துல கோடு. பெட்டி நேரா நிக்குறதால சாயுற பிரச்சனையே இல்ல. அப்புறம் பேப்பர் ஓரத்துல இருந்து அந்தக் கோடு வரைக்கும் அளங்க. ஸ்கேலோட 0ஐ ஓரத்துல வைங்க, ஸ்கேல் நுனியை இல்ல.

---

சும்மாவாசி

அண்ணா இப்பதான் ஸ்கேலை எடுத்துப் பாத்தேன். நுனிக்கும் 0க்கும் நடுவுல நல்லா அஞ்சு மி.மீ காலி. இத்தனை வருஷமா இந்த ஸ்கேலை வச்சிருக்கேன், கவனிச்சதே இல்ல.

---

நிழல்மரம்

தச்சுப்பட்டறை அண்ணா, எங்க வீட்டுல ஸ்டீல் டேப்தான் இருக்கு. அதோட முனையில இருக்குற கொக்கி லொடலொடன்னு ஆடுது, அதுல அளக்கலாமா?

---

தச்சுப்பட்டறை

ஆடணும்மா, அது பழுதில்ல. கொக்கியை மாட்டி இழுத்து அளக்கும்போதும், ஒரு பரப்புல முட்டவிட்டு அளக்கும்போதும் கொக்கியோட தகடு தடிமன் கணக்கைக் கெடுக்கக் கூடாதுன்னு, அந்தத் தடிமன் அளவுக்கே ஆட விட்டிருப்பாங்க. பேப்பர்ல கோட்டுக்கு கோடு அளக்க அது தோதுப்படாது, 10 செ.மீ கோட்டை ஓரத்துல வச்சு ஆரம்பிச்சு வர்ற அளவுல 10ஐக் கழிச்சிடுங்க. கழிக்க மறந்துட்டு ஒருத்தன் அடிச்ச அலமாரி இன்னும் பட்டறை மூலையில நிக்குது.

துணி டேப்பை நீளத்துக்கு நம்பாதீங்க, பழசானா இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும்.

---

குழப்பவாதி

// நீளமான விரல் தொட்டதும் நிறுத்துங்க //

பெருவிரல்னு நேரா சொல்லலாமே.

---

வெள்ளைக்கோட்டு

இல்லங்க, அவர் சொன்னதுதான் சரி. நிறைய பேருக்கு பெருவிரலை விட ரெண்டாவது விரல் நீளமா இருக்கும். அவங்க பெருவிரல் வரைக்கும் அளந்துட்டு வாங்கினா ரெண்டாவது விரல் மடங்கிட்டே இருந்து மேல காய்ப்பு காய்ச்சிடும். நான் பிசியோதெரபி பக்கம், இந்த மடங்கின விரலோட வாரத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க.

இன்னொண்ணு. அளக்குறவங்களே குனிஞ்சு கோடு போடக் கூடாது. குனியும்போது வெயிட் முன்னாடி போகும், குதிகால் சுவரை விட்டு நகரும், நமக்கே தெரியாது. ரெண்டு காலையும் ஊனி நிமிந்து நேரா பாத்துட்டு நில்லுங்க, வேற யாராவது பெட்டியைத் தள்ளி கோடு போடட்டும். ஆள் இல்லைன்னா பெட்டியை இன்னொரு காலால மெதுவா தள்ளி வச்சுட்டு, அப்புறம் காலை எடுத்துட்டு கோடு போடுங்க.

---

சும்மாவாசி

சரி, இன்னைக்கு சாயங்காலம் வீட்டுல ஆள் வச்சு அளந்தேன். நடக்கும்போது போடுற அதே சாக்ஸோட, நின்னுட்டு, பெட்டி வச்சு, ஸ்கேல் 0 ஓரத்துல.

இடது 261 மி.மீ
வலது 265 மி.மீ

மூணு தடவை அளந்தேன், ஒரு மி.மீ அப்படி இப்படி. ஆக நான் முதல்ல சொன்ன 25.3க்கும் இதுக்கும் 12 மி.மீ வித்தியாசம்! அஞ்சு ஸ்கேல்ல போச்சு, நாலு வலது காலை விட்டதுல போச்சு, மிச்சம் உக்காந்து அளந்ததுலயும் சாக்ஸ்லயும் போயிருக்கும்.

இப்ப 265க்கு சார்ட்ல ஒரு இடத்துல 7.5ங்கறான், ஒரு இடத்துல 8ங்கறான். ஷூக்குள்ள ஒரு செ.மீ இடம் விடணும்னு சொல்றாங்களே, அப்ப 275ன்னு பாக்கணுமா? அப்படிப் பாத்தா 9 வருது.

---

அச்சுக்கட்டை

வணக்கம், நான் சில வருஷம் ஷூ தயாரிக்கிற இடத்துல வேலை பாத்தவன். இந்தக் கடைசிக் கேள்விக்காகவே லாகின் பண்ணேன், ஏன்னா இங்கதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குறாங்க.

முன்னாடி இடம் விடணும், பெரும்பாலான ஷூக்கு 10ல இருந்து 12 மி.மீ, கட்டைவிரல் அகலம்னு வச்சுக்கலாம். ஆனா சார்ட்ல "பாத நீளம்"னு போட்டிருந்தா அந்த இடத்தை அவனே சேத்து வச்சிட்டான். நீங்க மறுபடி ஒரு செ.மீ கூட்டினா ரெண்டு தடவை கூட்டினதா ஆகும், ஒரு சைஸுக்கு மேல பெரிசாப் போகும். 275ன்னு பாத்தப்ப உங்களுக்கு வந்த 9 அப்படி வந்த 9தான். சார்ட்ல "இன்சோல் நீளம்"னு (ஷூக்குள்ள கால் படுற மெத்தைத் தகடு, அதோட நீளம்) போட்டிருந்தா மட்டும் உங்க கால் நீளத்தோட 10 மி.மீ மாதிரி கூட்டிப் பாக்கணும். சில சைட்ல வெறுமனே "செ.மீ"ன்னு மட்டும் போட்டிருப்பான், அங்க ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி எதோட நீளம்னு கேட்டுடுங்க.

நம்பர் ஏன் இடத்துக்கு இடம் மாறுதுன்னா, யூகே சைஸும் ஈயூ (ஐரோப்பா) சைஸும் காலை அளக்கவே இல்ல. ஷூ தைக்கிறதுக்கு உள்ள ஒரு கால் அச்சு வைப்போம், லாஸ்ட்னு பேரு (என் பேரு அங்க இருந்து வந்ததுதான்), அந்த அச்சோட நீளத்தைத்தான் இந்த நம்பருங்க சொல்லுது. யூகே முறையில ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நடுவுல ஒரு அங்குலத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது 8.47 மி.மீ. பழைய காலத்துல ஒரு வாற்கோதுமை மணியோட நீளம்னு வச்ச கணக்கு அது, இன்னைக்கும் அதையேதான் கட்டி அழறோம். ஈயூல ஒரு சைஸுக்கு 6.67 மி.மீ, ஒரு செ.மீட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. படி உயரமே வேற வேறங்கறப்ப ரெண்டும் எப்படி ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தும்? அதனாலதான் மாத்துற சார்ட்ல ஆளாளுக்கு ஒண்ணு போடுறான்.

உங்களுக்கே போட்டுப் பாப்போம். பெரியவங்க யூகே 8 அச்சு கணக்குப்படி 11 அங்குலம், 279.4 மி.மீ. ஈயூ 42ன்னா 280. உங்க பெரிய கால் 265, மிச்சம் 14 மி.மீ சொச்சம். நீளத்துக்கு 8 உங்களுக்கு சரி.

---

குழப்பவாதி

அதான் 8 அவருக்கு சுண்டு விரல் எரியுதுங்கறாரே. இவ்ளோ கணக்குப் போட்டு எரியுற ஷூவையே மறுபடி கைல குடுக்குறீங்க. அதுக்குத்தான் சொன்னேன் 8.5ன்னு.

---

அச்சுக்கட்டை

எரியுறது நீளத்தால இல்லங்க, அகலத்தால. அவரே முதல் பதிவுல சொல்லிட்டார், "நீளம் பரவால்ல"ன்னு.

சும்மாவாசி, அகலமும் அளங்க. பெருவிரல் அடியில உள்பக்கமா ஒரு எலும்பு முட்டு இருக்கும், சுண்டு விரல் அடியில வெளிப்பக்கமா ஒரு முட்டு இருக்கும். நின்னுட்டு ரெண்டு பக்கமும் ஒரு ஒரு பெட்டியைத் தொடற மாதிரி வச்சு, நடு தூரத்தை அளங்க.

அகலம் பத்தாதப்ப சைஸ் ஏத்திக்கறதுதான் எல்லாரும் செய்யுற வேலை. ஏத்தினா அகலம் கொஞ்சம் கூடும், ஆனா கூடவே நீளமும் கூடும். நடக்கும்போது பாதம் அந்த ரெண்டு முட்டு இருக்குற இடத்துலதான் மடங்குது, ஷூவும் அதே இடத்துல மடங்குற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. நீளமான ஷூ போட்டா கால் மடங்குற இடம் ஒண்ணு, ஷூ மடங்குற இடம் ஒண்ணுன்னு ஆயிடும், பின்னாடி குதிகால் கழண்டு கழண்டு வரும். உங்க 9 டப்பு டப்புன்னு அடிக்குறது இதான்.

---

குழப்பவாதி

தோல் ஷூன்னா போடப் போட விரியும்ல? எங்க அப்பா காலம் முழுக்க அப்படித்தான் போட்டார்.

---

அச்சுக்கட்டை

தோல் பக்கவாட்டுல கொஞ்சம் விட்டுக் குடுக்கும், நீளத்துல விட்டுக் குடுக்காது. விரல் முட்டுற ஷூ ரெண்டு வருஷம் போட்டாலும் முட்டும். இன்னைக்கு வர்ற சிந்தெட்டிக் ஷூ அந்த அளவுக்குக் கூட விட்டுக் குடுக்காது. உங்க அப்பாவுக்கு ஷூ விரிஞ்சுதா கால் பழகிடுச்சான்னு அவர்தான் சொல்லணும்.

---

ஓட்டக்காரன்

அகலத்துக்கு எழுத்து போட்டிருப்பாங்க, அதையும் பாத்துக்கங்க. யூஎஸ் முறையில ஆம்பளைங்க ஷூல டிங்கறது சாதாரண அகலம், 2ஈ வைட், 4ஈ இன்னும் வைட். பொம்பளைங்க ஷூல பி சாதாரணம், டியே வைட். ஒரே எழுத்து ரெண்டு இடத்துல ரெண்டு அர்த்தம். என் மனைவி டின்னா நார்மல்தானேன்னு வாங்கி, கால் உள்ள நீச்சல் அடிச்சுது.

எழுத்தே போடாத ஷூதான் மார்க்கெட்ல ஜாஸ்தி. அது சாதாரண அகலம்னே வச்சுக்கங்க.

---

நூலகப்பூனை

கேக்கலாமான்னு தெரியல, நம்பர்தான் குழப்பம்னா நேரா மி.மீட்டர்லயே ஷூ சைஸ் போட்டுத் தொலைக்கலாமே? ஏன் யாருமே செய்யல?

---

அச்சுக்கட்டை

செஞ்சிருக்காங்களே. மாண்டோபாயிண்ட்னு பேரு, ஐஎஸ்ஓ 9407ன்னு தரமாவே இருக்கு, பாத நீளம் மி.மீட்டர்ல, அகலத்தையும் சேத்துப் போடலாம். பனிச்சறுக்கு பூட்ஸ் எல்லாம் அதுலதான் வருது. ஜப்பான்ல செ.மீட்டர்ல போடுறாங்க, கொரியாவுல மி.மீட்டர்ல. மத்த இடத்துல பழகின நம்பரை விட மனசு வரல.

ஆனா உங்க வீட்டு ஷூ நாக்கைத் தூக்கிப் பாருங்க. உள்ள ஒரு டேக்ல யூஎஸ், யூகே, ஈயூன்னு வரிசையா இருக்கும், கூடவே ஜேபி (ஜப்பான் அளவு) இல்ல செ.மீன்னு ஒண்ணு இருந்தா அதான் உங்களுக்கு வேண்டியது. உதாரணமா ஆம்பளைங்க சைஸ்ல அடிடாஸ் யூகே 8ல 26.5ன்னு இருக்கும், நைக்கி யூகே 8ல 27ன்னு இருக்கும். ரெண்டும் 8தான், நடுவுல அரை செ.மீ. சும்மாவாசிக்கு ஒரு இடத்துல 7.5ம் இன்னொரு இடத்துல 8ம் வந்தது இதனாலதான், ரெண்டு சார்ட்டும் அததோட கம்பெனிக்கு சரிதான். ஒரு கம்பெனி சார்ட்டை வச்சு இன்னொரு கம்பெனி ஷூ வாங்காதீங்க.

---

நூலகப்பூனை

பாத்தேன், என் ஷூல 24ன்னு இருக்கு. என் கால் 241. அதான் இவ்ளோ நாளா... சரி விடுங்க.

---

நிழல்மரம்

குழந்தைங்களுக்கு எப்படின்னு யாராவது சொல்லுங்களேன். என் சின்னவன் பேப்பர்ல காலை வச்சதும் விரலை சுருட்டிக்கறான், கிச்சுக்கிச்சு மூட்டுதாம். ஷூ போட்டு முன்னாடி அமுக்கிப் பாத்தா இடம் இருக்குற மாதிரியே தெரியுது, கழட்டினா விரல் செவந்து கிடக்கு.

---

வெள்ளைக்கோட்டு

நிழல்மரம், அமுக்கிப் பாக்குறது குழந்தைங்க கிட்ட ஏமாத்தும். நீங்க அமுக்கும்போதே அவன் உள்ள விரலை இழுத்துக்குவான்.

அதுக்கு அட்டைக் கீற்று நல்லா வேலை செய்யும். நிக்க வச்சு காலை அளந்துட்டு, அந்த நீளத்தோட ஒரு செ.மீ சேத்து, விரல் அகலத்துல ஒரு அட்டைக் கீற்று வெட்டுங்க. அதை ஷூக்குள்ள குதிகால்ல இருந்து நுனி வரைக்கும் விட்டுப் பாருங்க. மடங்காம படுத்துச்சுன்னா ஷூ சரி, மடங்கிச்சுன்னா சின்னது. கடைக்குப் போகும்போது குழந்தை தூங்கிட்டாலும் கீற்று போதும்.

சின்னப் பசங்களுக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளங்க, கால் அவ்ளோ வேகமா வளரும். வளருவான்னு ரெண்டு சைஸ் பெரிசா வாங்காதீங்க, தடுக்கி விழுவான், ஷூ கழண்டு போகாம இருக்க விரலால இறுக்கிப் புடிச்சுட்டே நடப்பான்.

---

அச்சுக்கட்டை

இதோட ஒரு துணுக்கு. யூகே முறையில குழந்தைங்க சைஸ் 13 வரைக்கும் போயிட்டு திரும்ப 1ல இருந்து ஆரம்பிக்கும். அதனால "சைஸ் 2"ன்னு மட்டும் சொல்லி ஆன்லைன்ல போட்டா தவழுற குழந்தைக்கு வந்தாலும் வரும், ஸ்கூல் போற பையனுக்கு வந்தாலும் வரும்.

---

மேகக்கூட்டம்

போன் கேமராவுல காலை அளக்குற ஆப் இருக்கே, அப்புறம் பிரிண்ட் எடுத்து அது மேல நிக்குற சார்ட் இருக்கே, இதெல்லாம் எதுக்கு பெட்டி, புத்தகம்?

---

தச்சுப்பட்டறை

பிரிண்ட் எடுக்கும்போது பேப்பருக்குப் பொருந்துற மாதிரி சுருக்குன்னு ஒரு ஆப்ஷன் பாதி நேரம் தானா டிக் ஆகியிருக்கும். அப்ப சார்ட்டே சின்னதா அச்சாகும், நூத்துல நாலு சுருங்கினாலே 265ங்கற இடத்துல பத்து மி.மீட்டருக்கு மேல தப்பு. சரியா வந்திருக்கான்னு பாக்க ஏடிஎம் கார்டை அது மேல வைங்க, எந்த பேங்க் கார்டா இருந்தாலும் நீளம் 85.6 மி.மீ. சார்ட்ல இருக்குற ஸ்கேல்ல 85.6 காட்டுச்சுன்னா நம்பலாம்.

ஆப்பு பத்தி நான் பேசல. ஏ4 பேப்பர் நீளம் 297 மி.மீ, ஆப்ல முதல்ல அந்தப் பேப்பரை அளந்து பாருங்க. 297 சொல்ற ஆப்புன்னா அப்புறம் காலை வைங்க.

---

மேகக்கூட்டம்

291 சொல்லுது. நன்றி, டெலிட் பண்ணிட்டேன்.

---

வெள்ளைக்கோட்டு

இடையில ஒரு சீரியஸ் விஷயம் சொல்லிடறேன். சுகர் உள்ளவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். அவங்க "எனக்கு வலிக்கல, ஷூ சரியா இருக்கு"ன்னு சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க, வலி தெரியாததே பிரச்சனையா இருக்கும். கண்டிப்பா அளந்துதான் வாங்கணும், புது ஷூவை முதல்ல கொஞ்ச நேரம் போட்டுட்டு கழட்டி, எங்கயாவது செவந்திருக்கா கொப்புளம் வந்திருக்கான்னு கண்ணால பாக்கணும். முடியாதவங்களுக்கு வீட்டுல உள்ளவங்க பாத்து சொல்லணும்.

அப்புறம் ஒரே ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி அளவு கூடிச்சுன்னா அது ஷூ கடைக்குப் போற விஷயம் இல்ல, டாக்டர் கிட்ட போங்க.

வயசாக ஆக, கர்ப்ப காலத்துக்கு அப்புறமும் கூட, பாதம் நீளலாம் விரியலாம். பத்து வருஷம் முன்னாடி என்ன சைஸோ அதேதான்னு நினைக்காதீங்க.

---

நிழல்மரம்

// கர்ப்ப காலத்துக்கு அப்புறமும் //

அப்ப அது என் பிரமை இல்லையா! பெரியவன் பிறந்ததுக்கு அப்புறம் ஒரு ஷூ கூட காலுக்குள்ள ஏறல, எல்லாரும் வெயிட் போட்டுட்டேன்னு சொன்னாங்க. ஆறு வருஷம் கழிச்சு ஒரு நியாயம் கிடைச்சுது.

---

சும்மாவாசி

அகலம் அளந்துட்டேன். வலது 105 மி.மீ, இடது 103. நான் 8 வாங்கின கம்பெனியோட சொந்த சைட்ல அகல சார்ட் இருந்துச்சு, என் நீளத்துக்கு நேரா 2ஈ கட்டத்துல விழுது. நான் வாங்கின 8ஓட பழைய ஆர்டரைத் திறந்து பாத்தேன், டின்னு இருக்கு.

---

அச்சுக்கட்டை

சார்ட் கேக்குறது நேர் அகலமா, டேப்பை பாதத்தைச் சுத்தி எடுக்குற சுற்றளவான்னு ஒரு தடவை பாத்துக்கங்க, ரெண்டுக்கும் தனித்தனி சார்ட் உண்டு. நேர் அகலம்னா 8, 2ஈ போடுங்க.

கையில அந்த பழைய 8 இன்னும் இருந்தா இன்சோலை உருவி தரையில போட்டு அது மேல சாக்ஸோட நின்னு பாருங்க. குதிகால் பின்னாடி சரியா உக்காரணும். சுண்டு விரல் பக்கம் சதை இன்சோல் ஓரத்தைத் தாண்டி வெளிய வழிஞ்சா, எரிச்சலுக்கு காரணம் கண்ணாலயே தெரியும். அளவு டேப்பே இல்லைன்னாலும் இந்த ஒரு சோதனை போதும்னு நான் சொல்லுவேன்.

இன்னொரு அளவும் இருக்கு, கடையில பாதம் வச்சு அளக்குற இரும்புத் தட்டு பாத்திருப்பீங்க, பிரான்னாக் கருவி, 1920கள்ல வந்தது, இன்னும் அதேதான். அதுல விரல் நுனி வரைக்கும் ஒண்ணு, குதிகால்ல இருந்து பெருவிரல் முட்டு வரைக்கும் ஒண்ணு, அகலம் ஒண்ணு, மூணு அளவு எடுப்பாங்க. விரல் குட்டையா இருந்து முட்டு வரைக்கும் நீளமா இருக்குற காலுக்கு அந்த ரெண்டாவது அளவு பெரிய சைஸ் காட்டும், அப்ப அந்தப் பெரிய சைஸைத்தான் எடுக்கணும். வீட்டுல அளந்து எதுவுமே செட் ஆகலைன்னா ஒரு தடவை அதுல நின்னு பாத்துடுங்க.

---

சும்மாவாசி

பழைய 8 கைல இல்ல, 9 வந்தப்ப அது திரும்பிப் போயிடுச்சு. 7 ஒண்ணோட இன்சோல் மட்டும் எப்படியோ அலமாரியில தங்கியிருந்துச்சு, சும்மா அது மேல நின்னு பாத்தேன். விரல் நுனி வெளிய தொங்குது, சுண்டு விரல் முழுசா தரையில. இதுக்குள்ள நான் கால் விட்டேனா 😀

8, 2ஈ ஆர்டர் போட்டாச்சு. வந்ததும் சொல்றேன்.

---

ஓட்டக்காரன்

வந்ததும் வெளிய போடாதீங்க, அழுக்கானா திருப்பி எடுக்க மாட்டாங்க. சாயங்காலம், வீட்டுக்குள்ள, கால் மணி நேரம். நிக்கும்போது விரல் முன்னாடி கட்டைவிரல் அளவு இடம், படி இறங்கும்போது விரல் முட்டக் கூடாது, ஏறும்போது குதிகால் எழும்பக் கூடாது.

---

சும்மாவாசி (ஒன்பது நாள் கழிச்சு)

வந்துச்சு. மூணு நாளா போட்டு நடக்குறேன், நேத்து ஒன்றரை மணி நேரம், எரிச்சல் சுத்தமா இல்ல. வலது கால் கனகச்சிதம். இடது கால்ல மட்டும் ஏத்தத்துல குதிகால் லேசா நகருது, நாலு மி.மீ சின்ன கால் இல்லையா.

---

ஓட்டக்காரன்

இடது ஷூல கணுக்கால் கிட்ட கடைசியா ஒரு ஓட்டை சும்மா கிடக்கும் பாருங்க. லேஸை அதே பக்கத்து ஓட்டையில விட்டு ரெண்டு பக்கமும் சின்ன வளையம் பண்ணி, எதிர்ப் பக்க லேஸை அந்த வளையத்துக்குள்ள விட்டு இழுத்துக் கட்டுங்க. குதிகால் அசையாது. அப்பவும் நகந்தா இடது இன்சோலுக்கு அடியில மெலிசா இன்னொரு இன்சோல்.

---

சும்மாவாசி

லேஸ் வித்தையே போதும், நின்னுடுச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குழப்பவாதி உங்களுக்கும்.

திருப்பி அனுப்ப முடியாம கிடந்துச்சுல்ல அந்த 9, அதை எங்க அண்ணன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான். காலை அளக்கவே இல்ல, சாக்ஸ் கூட போடல, சும்மா உள்ள விட்டான், அளவெடுத்து தச்ச மாதிரி இருக்குதாம். கடுப்பா இருக்கு.

---

குழப்பவாதி

நான் அப்பவே சொன்னேன்.

---

தச்சுப்பட்டறை

காலையில போட்டுப் பாத்தாரா சாயங்காலமா?